குடலிலிருந்தே தொடங்க வேண்டிய மருந்து

கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகளைப் பற்றிய ஆய்வு, கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஆறாத புண்ணுக்கும் இரத்தத் தொற்றுக்கும் நுரையீரலுக்கும் மருந்து தேடியே நடந்திருக்கிறது. குடலின் பக்கம் அது தயங்கித் தயங்கித்தான் வந்தது. பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு. வயிற்றுக்குள் போன புரதம் எதுவும் செரித்துவிடும். செரித்துப்போகிற பொருளை வயிற்று நோய்க்கு எப்படி மருந்தாகக் கொடுப்பது என்பதே அந்தத் தயக்கத்துக்குக் காரணம். தருமபுரியில் நுண்ணுயிரியல் கற்பித்து வரும் எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. இரத்தத்தில் செலுத்தும்போது பெப்டைடுகளுக்கு என்னென்ன குறைகள் சொல்லப்படுகின்றனவோ, அவற்றில் பாதி குடலில் குறையே அல்ல. மருந்துக்கு அடங்காத குடல் கிருமிகள் மீதுதான் இவை முதலில் சோதிக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களையும், வழியில் நிற்கும் இடையூறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

கோடை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் வயிற்று நோய் பெருகும். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டுப்போன தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பெரிய விடிவாக அமைந்தது. ஆனால் தண்ணீர் வரும் நாளில் பிடித்து, பிளாஸ்டிக் டிரம்மில் நிரப்பி வைத்து, கையை விட்டு மொண்டு குடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆற்றிலிருந்து சுத்திகரித்து வந்த தண்ணீரில் கிருமி வீட்டுக்குள் வந்து சேர்ந்துகொள்கிறது. அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காரிமங்கலத்துக்கு அருகில் ஒரு மருந்துக்கடையில் என் முன்னால் நின்ற பெண், “அண்ணா, எங்க மாமியாருக்கு ராத்திரியிலிருந்து வயித்தால போவுது, போன தடவை குடுத்தீங்களே, அதே மாத்திரை நாலு குடுங்க” என்று கேட்டார். கடைக்காரர், “காய்ச்சல் இருக்குதாம்மா?” என்று கேட்டார், “இல்லீங்கண்ணா” என்றதும், நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த பட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் நான்கு மாத்திரைகளை வெட்டிக் கொடுத்தார். மருந்தின் பெயரும் காலாவதி நாளும் அச்சிட்டிருந்த பகுதி கடையிலேயே தங்கிவிட்டது.

அந்த மாமியாருக்கு வேண்டியிருந்தது அநேகமாக உப்புச் சர்க்கரைக் கரைசல் மட்டுமே. குழந்தையாக இருந்தால் துத்தநாக மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். சாதாரண வயிற்றுப்போக்கில் பெரும்பங்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே அடங்கிவிடும். இரத்தமும் சளியும் கலந்து போகும் சீதபேதி, காலரா, டைபாய்டு போன்ற சிலவற்றுக்கே அந்த மருந்து தேவை. தேவையில்லாத நான்கு மாத்திரை குடலில் செய்யும் வேலை என்னவென்றால், அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்குபவற்றை அழித்து, அடங்காதவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் டிஎன்ஏவை முறுக்கி வைக்கும் ஜைரேஸ் என்ற நொதியைத் தாக்குகின்றன. அந்த நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிகளின் பட்டியலில், இந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டுக் கிருமியும் சீதபேதி தரும் ஷிகெல்லாவும் உயர் முன்னுரிமைப் பிரிவில் இடம்பெற்றுள்ளன. லான்செட் இதழ் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலக அளவில் 12.7 லட்சம்.

கடைசி ஆயுதம் என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருக்கும் கோலிஸ்டின் ஒரு பெப்டைடுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்பட்ட இந்த மருந்து 1950களின் இறுதியிலேயே புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதால் ஒதுக்கப்பட்டு, வேறு வழியில்லாத நிலையில் மறுபடியும் எடுக்கப்பட்டது. அதற்கிடையில் கோழிகளும் பன்றிகளும் விரைவில் எடை கூடுவதற்காக அதைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியிருந்தது. 2015இல் சீனாவில் எம்சிஆர்-1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் அது உட்கார்ந்திருந்ததால், கோலிஸ்டினுக்கு அடங்காத தன்மை பண்ணையிலிருந்து மனிதர் குடல்வரை வரக்கூடும் என்பது தெளிவாயிற்று. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல் எங்களுக்கு எட்டிவிடும் தூரம். அந்தத் தடையைக் காகிதத்தோடு நிற்காமல் நடைமுறையில் காப்பது புதிய மருந்து கண்டுபிடிப்பதற்கு எந்த வகையிலும் குறைந்த வேலை அல்ல.

பெப்டைடுகளை மருந்தாகச் செய்ய மனிதன் முனைவதற்கு வெகு காலம் முன்பே நம் குடல் அவற்றைச் செய்துகொண்டிருக்கிறது. சிறுகுடலின் குடலுறிஞ்சிகளுக்கு அடியில் உள்ள சிறு குழிகளின் அடிப்பகுதியில் பானெத் செல்கள் என்று ஒரு வகை உண்டு. ஜோசப் பானெத் 1888இல் இவற்றை விரிவாக விவரித்தார். பாக்டீரியா நெருங்கும்போது டிஃபென்சின் என்ற பெப்டைடுகளை இவை வெளியே கொட்டுகின்றன. அவற்றில் ஒன்றான எச்டி5 கிருமியைத் துளைக்கிறது. இன்னொன்றான எச்டி6 கிருமியைக் கொல்வதே இல்லை. ஒன்றோடொன்று பின்னி மெல்லிய வலையாகி, கிருமியைச் சுற்றிக்கொண்டு, குடல் சுவரைத் தொடவிடாமல் தடுக்கிறது என்று 2012இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. கிருமியைக் கொல்லாமலே நோயைத் தடுக்கலாம் என்ற இந்தச் செய்தி மருந்து வடிவமைப்பாளர்களின் கவனத்தை இன்னும் போதிய அளவு ஈர்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. டாக்காவில் ஷிகெல்லா சீதபேதியால் அவதிப்பட்ட நோயாளிகளின் பெருங்குடல் திசுவை ஆராய்ந்தவர்கள், எல்எல்-37 என்ற நம் சொந்தப் பெப்டைடின் உற்பத்தியை அந்தக் கிருமி அடக்கிவிடுவதை 2001இல் எழுதினார்கள். அதன் தொடர்ச்சியாக 2006இல், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைக் கொடுத்தபோது ஷிகெல்லா தாக்கிய முயல்களின் குடலில் அந்த உற்பத்தி மீண்டு, நோய் தணிந்ததைக் காட்டினார்கள். நாம் உண்ணும் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாவதும் இதே பியூட்டிரேட்தான். இதைக் கேட்டதும் கேழ்வரகுக் களி சாப்பிட்டால் சீதபேதி வராதா என்று என் மாணவர்கள் ஆவலோடு கேட்பார்கள். அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. களியை அதன் மற்ற நன்மைகளுக்காகத் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒரு பட்டுப்பூச்சி இனத்தின் கூட்டுப்புழுவிலிருந்து செக்ரோபின்களை ஹான்ஸ் போமன் குழுவினர் 1981இல் கண்டறிந்தார்கள். ஆப்பிரிக்கத் தவளைகளை அறுவை செய்து அழுக்குத் தண்ணீரிலேயே விட்டபோதும் அவற்றின் காயங்கள் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்த மைக்கேல் சாஸ்லாஃப், தவளைத் தோலிலிருந்து மகைனின் என்ற பெப்டைடை 1987இல் பிரித்தெடுத்தார். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களால் வரும் நேர்மின்னேற்றம். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. நம் செல்களின் வெளிப்புறம் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத கொழுப்புகளாலும் கொலஸ்ட்ராலாலும் ஆனது. ஆகவே பெப்டைடு நம் செல்லை விட்டுவிட்டுக் கிருமியின் மேல் படிகிறது. அங்கே சவ்வைக் கலக்கி, துளையிட்டு, சில நிமிடங்களில் கொன்றுவிடுகிறது. ஒரு நொதியை மாற்றித் தப்பிப்பதைவிட முழுச் சவ்வையும் மாற்றித் தப்பிப்பது கிருமிக்குக் கடினம். அதனால் பெப்டைடுகளை எதிர்க்கும் தன்மை உருவாகவே உருவாகாது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். எம்சிஆர்-1 அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டது. சவ்வின் கொழுப்பில் ஒரு சிறு மூலக்கூறை ஒட்டவைத்து எதிர்மின்னேற்றத்தைக் குறைத்துக்கொண்டால் போதும், கோலிஸ்டினின் பிடி நழுவிவிடும் என்று அது காட்டியது. டைபாய்டுக் கிருமியின் இனமான சால்மொனெல்லாவிடம் பெப்டைடுகள் அருகில் இருப்பதை உணர்ந்து மேற்பரப்பை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு பிறப்பிலேயே உண்டு. எதிர்ப்பு மெதுவாக வரும் என்றுதான் சொல்லலாம். வராது என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

குடலில் பெப்டைடுக்கு நேரும் இடர் அதன் வலிமை இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் என்ற நொதி புரதச் சங்கிலியில் லைசினும் ஆர்ஜினினும் இருக்கும் இடங்களை அடுத்துத்தான் வெட்டும். கிருமியைக் கொல்ல எந்த அமினோ அமிலங்கள் தேவையோ, அவையே வெட்டுப்படும் இடங்களும். இயற்கை இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. பானெத் செல் எச்டி5ஐச் செயலற்ற நீண்ட வடிவில் சேமித்து வைக்கிறது. அதன் மேலதிகப் பகுதியை வெட்டி நீக்கி வேலை செய்ய வைப்பதே டிரிப்சின்தான். எஞ்சிய பகுதியை மூன்று கந்தகப் பிணைப்புகள் இறுக்கி மடித்து வைத்திருப்பதால் நொதி அதற்குமேல் வெட்டுவதில்லை. ஆய்வகங்கள் பின்பற்றும் வழிகளும் இதை ஒட்டியவையே: சங்கிலியின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்குவது, நொதிக்கு அடையாளம் தெரியாத டி-வடிவ அமினோ அமிலங்களைப் பயன்படுத்துவது, இரைப்பையின் அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலில் மட்டும் கரையும் உறைக்குள் வைப்பது. செரிமான நொதிகளைத் தாண்டினாலும் சளிப்படலம் காத்திருக்கிறது. அதன் எதிர்மின்னேற்றம் பெப்டைடைப் பிடித்து நிறுத்திவிடும். குடல் நீரிலுள்ள உப்புகள் பல பெப்டைடுகளின் வீரியத்தை மழுங்கடித்துவிடும். சாதாரண நீர்மத்தில் அருமையாக வேலை செய்த பெப்டைடு குடல் சூழலில் படுத்துவிடுவதற்கு இவைதான் காரணம். சோதனையின் தொடக்கத்திலேயே டிரிப்சினையும் பித்த உப்பையும் சளியையும் சேர்த்துப் பார்க்காத ஆய்வுக் கட்டுரைகளை நான் குடல் மருந்துக்கான ஆய்வாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒட்டிக்கொள்ளும் இந்தக் குணம் ஆய்வகத்திலேயே தொல்லை தருவதை மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிவிடுவேன். ஒரு மருந்து எவ்வளவு குறைந்த அளவில் கிருமியின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று அறிய, 96 குழிகள் கொண்ட தட்டில் மருந்தை ஒவ்வொரு குழியாகப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் கிருமியை விட்டு, 37 டிகிரியில் இரவு முழுதும் வைப்போம். காலையில் கலங்கிய குழியில் கிருமி வளர்ந்திருக்கும். தெளிந்திருக்கும் கடைசிக் குழிதான் விடை. வழக்கமான தட்டு பாலிஸ்டைரீனால் ஆனது. நேர்மின்னேற்றம் கொண்ட பெப்டைடு அந்தச் சுவரிலேயே படிந்துவிடுவதால், குறைந்த அளவு விட்ட குழிகளில் கிருமியோடு மோத எதுவும் மிஞ்சியிருக்காது. அதனால் பாலிபுரொப்பிலீன் தட்டைப் பயன்படுத்த வேண்டும். விலை சற்றுக் கூடுதல் என்பதற்காக இதைத் தவிர்த்தால், நல்ல பெப்டைடு ஒன்று தட்டின் சுவரால் தோற்றுப்போகும்.

குடலில் எதைக் கொல்கிறோம் என்பது கொல்லும் திறனைவிட முக்கியம். பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாடிக் கொடுப்பது, கேழ்வரகுக் கொல்லையில் களை முளைத்ததற்காகப் பயிரோடு சேர்த்து உழுதுவிடுவதைப் போன்றது. வெறும் நிலத்தில் முதலில் முளைப்பது மறுபடியும் களைதான். ஆன்டிபயாடிக் எடுத்தவர்களின் குடலில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவது இப்படித்தான். அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2010இல் விவரித்த துரிசின் சிடி என்ற இரட்டைப் பெப்டைடு, அந்தக் கிருமியைக் கொன்றுவிட்டுக் குடலின் மற்ற பாக்டீரியாக்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. அர்ஜென்டினாவில் மனித மலத்திலிருந்து கிடைத்த ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் 1992இல் கண்டறிந்த மைக்ரோசின் ஜே25 எனக்கு இன்னும் நெருக்கமானது. அது 21 அமினோ அமிலங்களே கொண்டது. அதன் வால், தன் தலையில் உள்ள வளையத்துக்குள் நுழைந்து சுருக்குப் போட்டதுபோல் இறுகியிருக்கும். அதனால் வெப்பத்தையும் புரதத்தை வெட்டும் பல நொதிகளையும் தாங்குகிறது. இரும்பை உள்ளே எடுத்துக்கொள்ளக் கிருமி திறந்து வைத்திருக்கும் வாயில் வழியாகவே நுழைந்து, ஆர்என்ஏ செய்யும் நொதியை அடைத்துவிடுகிறது. ஈ. கோலை, சால்மொனெல்லா, ஷிகெல்லா ஆகிய நெருங்கிய உறவுகளைத் தாண்டி அது அதிகம் போவதில்லை.

இப்போது கணினி இந்தத் தேடலை விரைவுபடுத்தியிருக்கிறது. மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிகளை இயந்திரக் கற்றல் கொண்டு அலசிய சீன ஆய்வாளர்கள், 2,349 பெப்டைடுகளை அடையாளம் கண்டு, 216ஐச் செயற்கையாகச் செய்து பார்த்ததில் 181 கிருமிகளை எதிர்த்ததாக 2022இல் எழுதினார்கள். 2024இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு உலகெங்கும் திரட்டிய மரபணுத் தரவுகளிலிருந்து 8,63,498 பெப்டைடுகளின் பட்டியலைத் தந்தது. செய்து பார்த்த 100இல் 79 வேலை செய்தன. ஆகவே பெப்டைடு கிடைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. தட்டிலுள்ள குழியிலிருந்து நோயாளியின் குடல்வரை அதைக் கொண்டுசேர்ப்பதில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

எங்கள் கல்லூரியில் அவ்வளவு பெரிய கருவிகள் இல்லை. புளித்த கேழ்வரகுக் கூழிலிருந்து லாக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்ப்பதை மாணவர்கள் செய்கிறார்கள். வளர்ந்த நீர்மத்தைச் சுழற்றித் தெளியவைத்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் பரப்பிய அகார் தட்டில் குடைந்த குழியில் விட்டால், மறுநாள் குழியைச் சுற்றி வட்டமாகத் தெளிந்திருக்கும். கூழில் மருந்து கிடைத்துவிட்டது என்று அப்போது துள்ளக்கூடாது. புளிப்பு அமிலமே அந்த வட்டத்தை உண்டாக்கியிருக்கலாம். அதனால் காரம் சேர்த்து அமிலத்தைச் சமன்செய்ய வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடாக இருக்கலாம். கேட்டலேஸ் நொதி சேர்த்து அதையும் நீக்க வேண்டும். அதற்குப் பிறகும் வட்டம் நின்றால், கடைசியாக டிரிப்சின் சேர்க்க வேண்டும். அப்போது வட்டம் மறைந்தால்தான் அது பெப்டைடு என்று நிச்சயமாகும். பெரும்பாலான மாதிரிகள் முதல் படியிலேயே விழுந்துவிடும். எல்லாம் தாண்டி நிற்கும் ஒன்றை டிரிப்சின் அழிக்கும்போது மாணவர்கள் முகத்தில் மகிழ்ச்சியும் ஏமாற்றமும் ஒன்றாகத் தெரியும். பெப்டைடு கிடைத்தது என்று சொல்லும் சோதனையே, அது இப்படியே குடலில் நிற்காது என்றும் சொல்லிவிடுகிறது. அதே நீர்மத்தை ஈ. கோலை பரப்பிய தட்டில் விட்டால் பெரும்பாலும் வட்டமே வராது. அதன் வெளிச்சவ்வு இவ்வகைப் பெப்டைடுகளை உள்ளே விடுவதில்லை. பாலாடைக்கட்டி கெடாமல் இருக்கச் சேர்க்கும் நிசினுக்கும் இதே வரம்பு உண்டு. ஆனால் நிசின் வேறொன்றைக் கற்றுத்தருகிறது: பாக்டீரியாவை நொதிக்கவைத்தே ஒரு பெப்டைடைப் பெருமளவில், கட்டுப்படியாகும் விலையில் செய்ய முடியும். ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கோத்துச் செய்யும் செயற்கை முறையில் தயாரான மருந்து அரசு மருத்துவமனையின் மருந்துப் பட்டியலில் ஏறுவது கடினம்.

தோல்விகளையும் சொல்ல வேண்டும். மகைனினிலிருந்து உருவாக்கிய பெக்சிகனான் நீரிழிவால் காலில் வரும் புண்ணுக்கான களிம்பாக 1999இல் அமெரிக்க ஒப்புதலுக்குப் போய் மறுக்கப்பட்டது. முரெபவாடின் என்ற பெப்டைடு வகை ஊசி மருந்து மூன்றாம் கட்டச் சோதனையில் சிறுநீரகத்தைப் பாதித்ததால் 2019இல் நிறுத்தப்பட்டது. என் வாதத்துக்கு அடிப்படை இங்கேதான் இருக்கிறது. வாய்வழி கொடுக்கும் வான்கோமைசினை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு அமினோ அமிலங்களின் மேல் கட்டப்பட்ட அந்த மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குள் பெரும்பாலும் போவதே இல்லை. அதனாலேயே டிஃபிசில் தொற்றுக்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இரத்தத்தில் சேராத பெப்டைடு சிறுநீரகத்தை எட்டாது. வேலை முடிந்தபின் செரித்து அமினோ அமிலமாகிவிட்டால் அதுவும் நன்மைதான். மலத்தோடு வெளியேறி மண்ணிலும் நீரிலும் கிருமிகளைப் பழக்கப்படுத்தும் மருந்தின் எச்சம் குறையும்.

எல்லாக் குடல் தொற்றுக்கும் இது பொருந்தாது. டைபாய்டுக் கிருமி குடலைக் கடந்து, இரத்தத்திலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும், நம் வெள்ளணுக்களின் உள்ளேயும் போய் ஒளிந்துகொள்கிறது. குடலில் நின்றுவிடும் பெப்டைடு அதைத் தொடவே தொடாது; அதைத் தடுக்கத் தூய குடிநீரும் தடுப்பூசியும்தான் வழி. ஷிகெல்லாவும் குடல் சுவரின் செல்லுக்குள் புகுந்துவிடும் என்பதால் அங்கே பாதி வெற்றியே கிடைக்கலாம். டிஃபிசிலும், குடலின் மேற்பரப்பிலேயே இருந்து நஞ்சைக் கக்கும் காலராவும் ஈ. கோலை வகைகளும் ஏற்ற இலக்குகள். அவற்றுக்கும் முன்னதாக நான் வைப்பது மருத்துவமனை நோயாளிகளை. கார்பபெனம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக் வகைக்கும் அடங்காத கிளெப்சியெல்லாவும் ஈ. கோலையும் பலருடைய குடலில் எந்த நோயும் தராமல் குடியிருக்கின்றன. புற்றுநோய் சிகிச்சையிலோ பெரிய அறுவையிலோ உடல் தளரும்போது அங்கிருந்தே இரத்தத்துக்குள் இறங்குகின்றன. அந்தச் சிகிச்சை தொடங்குவதற்கு முன் சில நாள்கள் வாய்வழிப் பெப்டைடு கொடுத்து, அவற்றை மட்டும் குறைக்க முடியுமா என்று பார்ப்பதே முதல் சோதனையாக இருக்கலாம். மலக்குடலில் துடைத்தெடுத்த மாதிரியை மருந்துக்கு முன்னும், முடிந்த மறுநாளும், ஒரு மாதம் கழித்தும் வளர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கிருமி எத்தனை மடங்கு குறைந்தது, குடலின் மற்ற பாக்டீரியாக்கள் நிலைத்தனவா, குறைந்தது மறுபடி ஏறியதா, ஏறியிருந்தால் இப்போது அதன் சவ்வில் என்ன மாறியிருக்கிறது என்ற நான்கு விடைகளும் அந்த மாதிரிகளிலிருந்தே கிடைத்துவிடும்.